வாயிலும் வழக்கும்: என்ரிக்கா லெக்சி வழக்கில் விலக்குரிமை

சிலப்பதிகார வழக்குரை காதையில் வாயிலோன் அறிவிக்க, பாண்டியன் கண்ணகியை அழைத்து அவளது முறையீட்டைக் கேட்கிறான். தீர்ப்புக்கு முன் வாயில் திறக்கப்பட வேண்டும் என்பதே அக்காதை உணர்த்தும் அறமாகும். அவ்வாயில் பன்னாட்டுச் சட்டத்தால் அடைபடுவதற்கு என்ரிக்கா லெக்சி வழக்கு சான்றாகிறது.

2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரையிலிருந்து ஏறத்தாழ 20.5 கடல்மைல் தொலைவில், இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவற்பணியில் இருந்த அந்நாட்டுக் கடற்படை வீரர்கள் சுட்டதில் ‘செயின்ட் ஆண்டனி’ படகின் மீனவர் இருவர் உயிரிழந்தனர். ஒருவர் கொல்லத்தைச் சார்ந்தவர். மற்றவர் குமரி மாவட்டத்தவர்.

விசாரிக்கும் அதிகாரம் கேரளத்திற்கன்று, இந்திய ஒன்றியத்திற்கே உரியது என 2013 சனவரி 18இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015இல் இத்தாலி பன்னாட்டு நடுவர் தீர்ப்பாயத்தை நாடியது. 2020இல் வெளிவந்த தீர்ப்பு, வீரர்கள் அரசுப் பணியில் செயற்பட்டமையால் விலக்குரிமை உடையோர் என்று மூவருக்கிருவர் என்னும் பெரும்பான்மையில் கூறியது. இந்தியாவின் கப்பலோட்ட உரிமையை மீறியமைக்காக இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்றும் கூறியது. 10 கோடி ரூபாய் செலுத்தப்பட்டபின், 2021 சூன் 15இல் உச்சநீதிமன்றம் இந்திய வழக்கை முடித்தது. இத்தாலியில் தொடர்ந்த விசாரணையை உரோம் நீதிமன்றம் 2022 சனவரியில் கைவிட்டது.

விலக்குரிமை அரசுகளின் சமநிலையைக் காக்கத் தோன்றியது. அது குற்றமின்மைக்குச் சான்றன்று. ஓரிடத்து வாயில் அடைபடின் மற்றோரிடத்து வாயில் திறக்கும் என்பதே அதற்குரிய நியாயம். இங்கு இருவாயிலும் அடைபட்டன. இழப்பீடு கிடைத்தது, சான்றுகளை முழுமையாக ஆராய்ந்து, குற்றம் உண்டா இல்லையா எனத் தீர்ப்பளித்த குற்றவியல் நீதிமன்றம் எதுவுமில்லை. கண்ணகி அவைக்கு வந்தது பொருள் வேண்டியன்று, உண்மையை நிறுவவே என்பது ஈண்டு எண்ணத்தக்கது.