வன்னியின் வழிகளும் காலங்கடந்த படங்களும்

நிலப்படம் இடத்தைக் காட்டுவது என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அது ஓரிடத்தின் ஒரு காலத்தையே காட்டுகின்றது. நில அளவையாளன் சங்கிலி பிடித்து நடந்த ஆண்டில் எந்தக் குளத்தில் நீர் நின்றதோ, எந்த ஊரில் அடுப்பெரிந்ததோ, எந்தப் பாதையில் வண்டி ஓடியதோ, அவையே தாளில் ஏறுகின்றன. தாள் அச்சாகி ஒருவன் கையில் வந்து சேரும்போது நிலம் மாறியிருக்கலாம். மக்கள் செறிந்து நிலையாக வாழும் யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற பகுதிகளில் இந்த இடைவெளி அவ்வளவாக உறைப்பதில்லை. வன்னிப் பெருநிலப்பரப்பின் இயல்பு வேறு. அங்கே குளம் உடைந்தால் ஊர் கலையும். ஊர் கலைந்தால் சில ஆண்டுகளுக்குள் காடு வந்து பாதையை மூடும். கட்டு மீண்டும் கட்டப்பட்டால் பழைய பெயரிலோ புதுப் பெயரிலோ ஊர் மறுபடி எழும். இத்தகைய நிலத்திற் பழைய படத்தை நம்பிப் புறப்படுவது எக்காலத்தும் இடர் மிக்கதாகவே இருந்து வந்துள்ளது.

ஐரோப்பியர் இலங்கையைப் பற்றிக் கொண்டிருந்த முதற் படமே பல நூற்றாண்டு பழைமையானது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தொலமியின் தரவுகளைக் கொண்டு வரையப்பட்ட 'தப்ரபேன்', தீவின் மெய்யளவைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டியது. அச்சுக்கலை தோன்றிய 15ஆம் நூற்றாண்டிலும் அது திரும்பத் திரும்ப அச்சிடப்பட்டது. கடலோடிகள் கண்ட தீவு அப்படத்தோடு பொருந்தாமற் போகவே, தப்ரபேன் என்பது சுமாத்திராவே எனக் கொண்டோரும் உளர். படத்தைத் திருத்துவதினும் நிலத்தை வேறிடத்துக்கு மாற்றிவிடுவது அவர்களுக்கு எளிதாகத் தோன்றிற்றுப் போலும்.

வன்னிக் காட்டைப் படமின்றிக் கடந்து, பின்னர் அதற்குப் படம் தந்தவர் றொபேர்ட் நொக்ஸ். 1660இல் கொட்டியாரக் கரையிற் சிறைப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வைக்கப்பட்டிருந்த இந்த ஆங்கிலேயர் தப்பிச் செல்ல வடதிசையைத் தெரிந்துகொண்டார். அதற்காக அவர் செய்த ஆயத்தமே நோக்கற்பாலது. சிறு பண்டங்களைச் சுமந்து விற்கும் வணிகனாக ஆண்டுதோறும் வடக்கே சென்று, எந்த ஊருக்கு அப்பால் எந்த ஊர், எங்கே காவல், எங்கே நீர் என்பவற்றை ஐயம் எழாத வகையிற் கேட்டறிந்தார். வரட்சி நீடித்த ஆண்டுகளிற் காட்டில் நீர் கிடையாதென்று தெரிந்து திரும்பியதும் உண்டு. ஈற்றில் 1679 செப்டெம்பர் 22இல் ஸ்ரீபன் றட்லண்டு என்னும் தோழருடன் புறப்பட்டு, அநுராதபுரத்தை அடைந்து, அங்கிருந்து மல்வத்து ஓயாவின் கரையைப் பற்றிக்கொண்டு நடந்தார். வன்னி மக்கள் அருவியாறு என வழங்கும் ஆறு அதுவே. ஒக்டோபர் 18இல் இருவரும் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். ஊர்கள் இடம் மாறலாம், பாதைகள் மறையலாம், ஆறு கடலை நோக்கியே செல்லும் என்ற ஓர் உறுதியே அவர்களுக்கு வழிகாட்டிற்று எனலாம்.

1681இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூலில் இலங்கைப் படமொன்று இடம்பெற்றது. அதில் வடபாகத்தை ஒரு வன்னிமையின் நாடாகக் குறித்து, அத்தலைவனின் பெயரையே நாட்டின் பெயராக நொக்ஸ் எழுதியிருந்தார். அவன் பனங்காமத்தை ஆண்ட கயிலை வன்னியன் என்பது ஆய்வாளர் கருத்து. படம் பெரும் மதிப்புப் பெற்றது. 18ஆம் நூற்றாண்டிற் படம் வரைந்த ஐரோப்பியர் பலர், தீவைக் கண்ணாற் காணாமலே அதனைப் பார்த்து எழுதினர். கயிலை வன்னியன் மறைந்தபின்னும் அவன் நாடு தாள்களில் வாழ்ந்துகொண்டிருந்தது. இடத்தின் பெயரெனக் கருதிப் படித்தவர்கள், அது ஒரு மனிதனின் பெயரென்பதையோ, அவன் இறந்துவிட்டான் என்பதையோ அறிந்திருக்க வழியில்லை.

பிரித்தானியர் காலத்தில் 1800இல் நில அளவைத் திணைக்களம் நிறுவப்பட்டது. ஆயினும் மூன்றாண்டின்பின், 1803இல், பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியபோது வன்னியின் உட்பகுதி அரசாங்கத்தாருக்கு அறியா நிலமாகவே இருந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்ததைக் குறிக்கும் கல்லொன்று கற்சிலைமடுவில் நடப்பட்டது. வெற்றி பெற்ற நாளைத் திட்டமாகச் சொல்லும் அக்கல், இடத்தைச் சொல்லுமிடத்து 'இதனை அண்டிய பகுதியில்' என்ற அளவில் நின்றுவிடுகின்றது. வென்றவருக்கும் தாம் வென்ற இடம் சரியாகத் தெரியவில்லை.

ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் இந்நிலத்தின் ஊர்களையும் குளங்களையும் ஊன்றிப் பார்த்த நூல். அதைத் தொடர்ந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 1920கள் வரை, ஒரு மைலை ஓர் அங்குலமாகக் கொண்ட இடவிளக்கப் படங்கள் உருவாயின. இவ்வோரங்குலத் தாள்களின் சிறப்பு அவை கைவிடப்பட்ட குளங்களையும் குறித்தமையாகும். குளம், மடு, கேணி, மோட்டை, முறிப்பு, கட்டு என முடியும் பெயர்களை அவற்றிற் படித்துச் செல்பவனுக்கு, நீர் இருந்த வரலாறும் நீர் போன வரலாறும் ஒருங்கே புலனாகும். முறிப்பு என்ற சொல்லே உடைந்த கட்டின் நினைவு.

ஆனால் அத்தாள்களும் முதுமையடைந்தன. இரணைமடு நீரை நம்பிக் கிளிநொச்சியிற் குடியேற்றங்கள் வளர்ந்தன. வவுனிக்குளம் 1950களிற் புனரமைக்கப்பட்டது. பழைய தாளிற் காடாகக் கிடந்த இடங்கள் வயலும் பாடசாலையும் சந்தையுமாயின. நிருவாக எல்லைகளும் மாறின. முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலும் தனி மாவட்டங்களாயின. அதற்கு முந்திய படத்தில் கிளிநொச்சி நகரைத் தேடுபவன் அதனை யாழ்ப்பாண மாவட்டத்திலேயே காண்பான்.

இவ்வளவும் இயல்பான மாற்றங்கள். போர் கொணர்ந்தவை அத்தகையன அல்ல. 1990இல் வடபகுதி இரயில்சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க்கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் பயன்பட்டன. படங்களிலோ இரும்புப்பாதை இருந்தவாறே இருந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு இரயில் மீண்டும் ஓடிய நாளில்தான் படமும் நிலமும் மறுபடி ஒன்றாயின. ஏ-9 வீதி 2002இல் திறந்து, 2006 ஓகஸ்டில் மூடி, போர் முடிந்தபின் மீண்டும் திறந்தது. அதன் கரையில் முகமாலையில் நீண்டகாலம் முன்னரங்கு நிலைகொண்டிருந்தமையால், வழி இருந்தும் கால் வைக்க இயலாத நிலமாக அப்பகுதி மாறிற்று. கண்ணிவெடிகளை அகற்ற வந்தோர் கருவிகளோடு நில்லாமல் ஊராரையும் நாடினர்: மாடு எங்கே இறந்தது, விறகு வெட்டப் போனவர்கள் எந்த ஒழுங்கையைத் தவிர்த்தனர் எனக் கேட்டுக் குறித்தனர். நொக்ஸ் சுமைவணிகனாகக் கேட்டறிந்த முறையும் இதுவே.

இங்குக் கணிதம் சார்ந்த சிக்கல் ஒன்றும் உண்டு. இலங்கையின் பழைய படங்கள் நீர்கொழும்புப் பகுதியிலுள்ள கந்தவல என்னும் நிலையத்தை மூலமாகக் கொண்டு கணிக்கப்பட்டவை. (கிளிநொச்சியின் கண்டாவளையோடு இதனை மயங்கலாகாது.) செய்மதிக் கருவிகள் பூமி முழுவதற்கும் பொதுவான வேறொரு கணிப்பைக் கைக்கொள்கின்றன. ஒன்றின் எண்களை மற்றதன்மீது மாற்றமின்றி இட்டால் நூறு மீற்றருக்கும் மேற்பட்ட விலகல் நேரும். சாதாரணப் பயணிக்கு அது அடுத்த ஒழுங்கை. கண்ணிவெடி வயலின் விளிம்பில் நிற்பவனுக்கு அது சாவு.

இக்கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்த வரலாறு சுருக்கமானது. அமெரிக்கப் படைத்துறை அமைத்த ஜி.பி.எஸ். செய்மதித் தொகுதி 1995இல் முழுமை பெற்றது. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழை 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டபின், வாகனங்களிலும் பின்னர் கைத்தொலைபேசிகளிலும் அது பரவிற்று. பலர் கவனியாத உண்மை யாதெனில், கருவிக்குள் இருவகை அறிவுகள் உள்ளன என்பதே. குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞையைக் கொண்டு 'நீ இங்கே நிற்கிறாய்' என அது சொல்வது இக்கணத்து அறிவு. 'இங்கே பாதை உள்ளது' என அது சொல்வது யாரோ என்றோ சேர்த்துவைத்த அறிவு. முன்னதன் துல்லியத்தைக் கண்டு வியந்தவன் பின்னதையும் சேர்த்து நம்பிவிடுகிறான். 2009இல் அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கிற் கருவி காட்டிய வழியே சென்ற ஒரு தாயின் வாகனம் மணலிற் புதைந்து, அவருடைய சிறுவயது மகன் உயிரிழந்தான். அங்கே வழக்கொழிந்த பாதைகளைக் கருவிகளின் படங்களிலிருந்து நீக்கப் பூங்காக் காவலர்கள் முயல வேண்டியதாயிற்று.

அதே 2009இல் வன்னியிற் படம் முற்றாகக் குலைந்தது. பரந்தன்–முல்லைத்தீவு வீதி வழியே தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு எனக் கிழக்கு நோக்கி ஒதுக்கப்பட்ட மக்கள், மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்தபின் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேராகச் செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டனர். மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரிலாகும். திரும்பியவர்களுக்கு வழி காட்ட வேண்டிய அடையாளங்கள் பல இல்லை: வீடு இல்லை, வேலி இல்லை, பனை தலையிழந்து நின்றது. சொந்த ஊரே அறியா இடமாயிற்று. கேப்பாப்பிலவு மக்களுக்கு வழி தெரிந்திருந்தது, ஆயினும் வழி முள்ளுக்கம்பியில் முடிந்தது. 2017இல் அவர்கள் வாயிலில் அமர்ந்து போராடிய பின்னரே காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன.

இதுகாறும் பழைய படம் வழிப்போக்கனுக்குப் பகையாக நின்றதையே கண்டோம். மீள்குடியேற்றத்தில் அதன் வேறொரு முகம் தெரிந்தது. மணலாறு என வழங்கிய பகுதி 1988இல் வெலிஓயா என அரசாங்கத்தாற் பெயர் மாற்றப்பட்டது. அதன் அயலிலுள்ள கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் 1984 டிசெம்பரில் வெளியேற்றப்பட்டு, போர் முடிந்தபின்னரே மீளத் தொடங்கினர். இன்றைய படத்திற் பழைய பெயரைத் தேடுபவனுக்கு அது கிட்டாமற் போகலாம். ஆகவே இங்குக் காலங்கடந்த தாளே மெய்யான சாட்சி. காணியுரிமையிலும் அவ்வாறே. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் பெற்ற அனுமதிப்பத்திரங்களைப் பலர் இடப்பெயர்விற் பறிகொடுத்துவிட்டனர். ஆளில்லாத ஆண்டுகளில் வயலிற் காடு வளர்ந்தது. வானிலிருந்து எடுத்த புதிய படம் அதனைக் காடென்றே காட்டுகின்றது. வனத் திணைக்களமும் அத்தகைய நிலங்கள் பலவற்றைக் காடென்றே எல்லையிட்டது. ஓரங்குலத் தாளை விரித்தால், அதே இடத்திற் குளமும், குளத்தின்கீழ் வயலும், வயலோரத்தில் ஊரின் பெயரும் உள்ளன.