புனித பேட்ரிக் நாள் ஊர்வலம், நியூயார்க்

அயர்லாந்தின் காவல் புனிதரான பேட்ரிக்கின் நினைவு நாளான மார்ச் 17 அன்று, ஐரிஷ் வம்சாவளியினர் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் ஆண்டுதோறும் நடத்தும் ஊர்வலம். முதல் ஊர்வலம் 1762-இல் நடந்தது. அமெரிக்கா விடுதலையை அறிவிக்க இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. நடந்தவர்கள் பிரிட்டிஷ் படையில் பணியாற்றிய ஐரிஷ் வீரர்கள். ஸ்பானியர் ஆண்ட புளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் 1601-இலேயே இத்தகைய ஊர்வலம் நடந்ததாகப் பழைய ஆவணங்கள் காட்டுகின்றன. ஆனால் அது மரபாக வேரூன்றி வளர்ந்தது நியூயார்க்கில்தான்.

வீரர்களின் சிறு கொண்டாட்டத்தை மாபெரும் மக்கள் திரளாக்கியது பஞ்சம். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோயால் அயர்லாந்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். 1860-இல் நியூயார்க்வாசிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அயர்லாந்தில் பிறந்தவர். கத்தோலிக்கர், ஏழைகள் என்பதால் இவர்கள் பட்ட இழிவு கொஞ்சமல்ல. கேலிச்சித்திரக்காரர் தாமஸ் நாஸ்ட் 1867-இல் இந்தத் திருநாளையே பொருளாக எடுத்துக்கொண்டு, காவலர்களை அடித்து நொறுக்கும் குரங்கு முகத்தவராக ஐரிஷ்காரர்களை வரைந்தார். அந்த நகரத்தின் நடுவீதியில் தலைநிமிர்ந்து, அணிவகுத்து நடந்து காட்டியதே அவர்கள் தந்த பதில். 1851 முதல் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கும் 69-ஆம் காலாட்படைப் பிரிவு, ஐரிஷ் குடியேறிகளைக் கொண்டு உருவானது. இன்றும் அயர்லாந்தின் உயரமான ஓநாய்வேட்டை நாய்கள் அதன் முன்னே நடத்திச் செல்லப்படுகின்றன.

ஊர்வலத்தின் உயிர்நாடி பேக்பைப் இசைக்குழுக்கள். கலைஞர் தோல்பையை அக்குளில் இடுக்கிக் காற்றூதி நிரப்புகிறார். மூச்சு வாங்கும் நொடியில் முழங்கை பையை அழுத்த, நாதம் அறுபடாமல் தொடர்கிறது. விரல்கள் ஒரு குழலில் மெட்டை வாசிக்க, தோளில் சாய்ந்த மூன்று குழல்கள் நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல் ஒரே சுருதியில் நிற்கின்றன. பெரும்பாலான குழுக்கள் கையாள்வது ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் பேக்பைப். அயர்லாந்துக்கே உரிய இல்லன் பைப் துருத்தியால் இயங்குவது, உட்கார்ந்து வாசிப்பது, வீதிநடைக்கு ஒத்துவராது.

நகரக் காவல்துறையில் ஐரிஷ் வம்சாவளியினரின் சங்கமான எமரால்டு சங்கத்தின் பைப் குழு 1960-இலும், தீயணைப்புத் துறையினுடையது 1962-இலும் தொடங்கப்பட்டன. காவலர்களின் பகைவராக வரையப்பட்ட இனத்தின் வழிவந்தவர்கள் காவலர்களாகவே பைப் வாசித்து நடந்ததைவிட நாஸ்டுக்கு வலுவான மறுப்பு இருக்க முடியாது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் உயிர்நீத்த 343 தீயணைப்பு வீரர்களின் நினைவாக, அத்துறையினர் 343 அமெரிக்கக் கொடிகளை ஏந்தி நடக்கும் வழக்கம் உண்டு. வீழ்ந்தவர்களின் இறுதிச் சடங்குகளில் ஒலித்ததும் இதே துறையின் பைப் இசைதான்.

ஒதுக்கப்பட்டவர்கள் வளர்த்தெடுத்த ஊர்வலம் தானும் சிலரை ஒதுக்கியது. 1990-களில், தன்பாலீர்ப்பினரின் அமைப்புகள் தங்கள் பதாகையுடன் வர அமைப்பாளர்கள் மறுத்தனர். வழக்குகளும் மறியல்களும் தொடர்ந்தன. 2015-இல் முதல் அமைப்புக்கும், 2016-இல் ஐரிஷ் தன்பாலீர்ப்பினர் அமைப்புக்கும் வழி திறந்தது. மிகத் தாமதம் என்றாலும் ஊர்வலத்தின் வரலாற்றுக்குப் பொருத்தமான முடிவு இதுவே.

44-ஆம் தெருவில் கிளம்பி, புனித பேட்ரிக் பேராலயத்தைக் கடந்து, 79-ஆம் தெருவில் ஊர்வலம் முடிகிறது. அலங்கார ஊர்திகளுக்கு இடமில்லை. எல்லோரும் நடந்தே செல்கின்றனர். மார்ச் 17 ஞாயிறாக அமைந்தால், முந்தைய நாளான சனியன்று நடைபெறும்.