ஒரே ராத்திரியில் எழுதிய கணக்கு

பத்து காஜா பக்கத்தில் ஒரு தோட்டம் இருந்தது. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள், அப்புறம் அதையும் வெட்டி வீடு கட்டினார்கள். மிஞ்சியது கோயில் மட்டும். அதன் வரவு செலவை எழுதிவந்தவர் அதே தோட்டத்தில் கிராணியாக இருந்த ஒரு பெரியவர். செக்ரோலில் ஒரு பெயர் விடுபட்டால் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் கூலி போய்விடும் என்ற பயத்திலேயே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர். ஓய்வுக்குப் பிறகு, யாரோ கொடுத்த பழைய கணினியில் எக்செல் கற்றுக்கொண்டு, மாதத்துக்கு ஒரு கோப்பாகக் கோயில் கணக்கை வைத்திருந்தார்.

ஆண்டுக்கூட்டத்தில் அது வினையாகிவிட்டது. புதிதாக வந்த செயலவை உறுப்பினர் ஒருவர் அந்தக் கோப்புகளைத் தன் மடிக்கணினியில் போட்டுப் பார்த்திருக்கிறார். பன்னிரண்டு கோப்புகள், பன்னிரண்டிலும் ஒரே தேதி: 2009 ஜனவரி 1. நேரமும் நள்ளிரவு பன்னிரண்டுக்கும் ஒன்றரைக்கும் இடையில்தான். "மாசாமாசம் எழுதுனேன்னு சொல்றீங்க. இது ஒரே ராத்திரியில உக்காந்து எழுதுன கணக்கு. எப்ப எழுதுனீங்கன்னு தெரியக்கூடாதுன்னு தேதியையும் மாத்தி வச்சிருக்கீங்க." எல்லார் முன்னாலும் இப்படிச் சொல்லியிருக்கிறார். பெரியவர் பதில் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் எனக்கு அழைப்பு. "தம்பி, நீ இதெல்லாம் படிச்சவன்தானே. ஒரு வாட்டி வந்து பாரேன்."

போனேன். சுவரில் சுவிட்சைப் போட்டார், கணினியைத் தட்டினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது: சிமோஸ் செக்சம் எரர், டீஃபால்ட்ஸ் லோடட். தொடர எஃப்1 அழுத்தவும் என்று கீழே இன்னொரு வரி. அவர் அலட்டிக்கொள்ளாமல் எஃப்1ஐ அழுத்தினார்.

"இது என்னங்கய்யா?"

"அது தினமும் வரும் தம்பி. எஃப்1 தட்டுனா தொறந்துக்கும்."

கதவுக்குச் சாவி போடுவதுபோல அதைப் பழகிக்கொண்டிருக்கிறார்! அந்த ஒரு வரிக்குப் பின்னால் நாற்பது வருடக் கதை இருக்கிறது. அதைச் சொன்னால்தான் பெரியவர் மேல் விழுந்த பழி எங்கிருந்து வந்தது என்று புரியும்.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பிசியை வெளியிட்டபோது அதற்கு நேரமே தெரியாது. உள்ளே ஓடும் கடிகாரம் மின்சாரம் இருக்கும்வரைதான். அணைத்தால் எல்லாம் போச்சு. அதனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் டாஸ் இயங்குதளம் இன்று என்ன தேதி, இப்போது மணி என்ன என்று உட்கார்ந்திருப்பவரையே கேட்கும். பதில் சொல்லாமல் எண்டர் தட்டினால் 1980 ஜனவரி 1 என்று எடுத்துக்கொள்ளும். டாஸின் கோப்புமுறையில் காலமே அன்றைக்குத்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய தேதி ஒன்றை ஒரு கோப்பின் மேல் எழுத அதில் இடமே கிடையாது.

நினைவகம் எவ்வளவு, எந்தத் திரை, எத்தனை பிளாப்பி டிரைவ் என்பதையும் அந்தக் கணினி ஞாபகத்தில் வைக்கவில்லை. மதர்போர்டில் எட்டெட்டாக இரண்டு வரிசை குட்டிச் சுவிட்சுகள் இருந்தன. மூடியைத் திறந்து, பேனா முனையால் தள்ளி வைக்க வேண்டும். தொல்லைதான். ஆனால் கையால் தள்ளிய சுவிட்சு தானாகத் திரும்பிப் போகாது. அமைப்புகள் அழிந்துபோகும் வியாதி அந்த இயந்திரத்துக்குக் கிடையாது.

வியாதி வந்தது வசதியோடு. 1984 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் ஏடி கணினியில் மோட்டோரோலாவின் எம்சி146818 என்ற சில்லைப் பொருத்தினார்கள். கடிகாரமும் 64 பைட் நினைவும் ஒரே சில்லில். அதில் 14 பைட் கடிகாரத்துக்கு, மீதி 50 பைட் அமைப்புகளுக்கு. மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிமோஸ் முறையில் செய்த சில்லு என்பதால் கணினியை அணைத்த பிறகும் ஒரு பேட்டரி அதை உயிரோடு வைத்திருக்கும். (சில்லு செய்யும் முறையின் பெயர்தான் அது. நம் கடைக்காரர்கள் "சிமோஸ் போச்சு" என்னும்போது பெரும்பாலும் பேட்டரி போச்சு என்று அர்த்தம்.) நேரத்தை எண்ண ஒரு குவார்ட்ஸ் படிகம். விநாடிக்கு 32,768 துடிப்பு. இரண்டால் பதினைந்து முறை வகுத்தால் சரியாக ஒன்று வரும்.

50 பைட் என்பது இந்தப் பத்தியின் ஒரு வாக்கியத்துக்குக்கூடப் போதாது. ஒரு கணினி தன்னைப் பற்றி அறிந்த அத்தனையும் அதற்குள்தான். அதையும் பேட்டரி தளர்ந்தால் நம்ப முடியாது. ஆகவே ஐபிஎம் பொறியாளர்கள் எந்தக் கணக்குப்பிள்ளையும் செய்வதையே செய்தார்கள். அமைப்புகள் இருக்கும் பைட்டுகளைக் கூட்டி, கூட்டுத்தொகையை அங்கேயே இரண்டு பைட்டில் எழுதி வைத்தார்கள். அதுதான் செக்சம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பயாஸ் மறுபடி கூட்டிப் பார்க்கும். எழுதி வைத்த தொகையோடு ஒத்துப்போகவில்லையா, எந்த எண் கெட்டது என்று தேடிக்கொண்டிருக்காது. மொத்தத்தையும் ஒதுக்கிவிட்டு ஆலை கொடுத்த அமைப்புக்குப் போய்விடும்.

இன்றைக்கும் "பயாஸ் செட்டிங் தானா மாறிடுச்சு" என்று யார் வந்தாலும் விஷயம் பெரும்பாலும் இதுதான். சில நேரம் மதர்போர்டில் அழிப்பதற்கென்று இருக்கும் ஜம்பரை யாராவது இடம் மாற்றி விட்டிருப்பார்கள். சில போர்டுகள், நாம் வைத்த வேகத்தில் ஓட முடியாமல் இரண்டு மூன்று தரம் தடுக்கி விழுந்தால் தாமே பழைய அமைப்புக்குத் திரும்பும். இதெல்லாம் அபூர்வம். முதலில் பார்க்க வேண்டியது அந்த வட்டப் பேட்டரியைத்தான். ஹார்ட்டிஸ்க் முறை மாறிப்போய் விண்டோஸே திறக்காமல், டிஸ்க் போச்சு என்று புதிதாக வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பேட்டரிக்கும் தனிக் கதை உண்டு. 386, 486 காலத்துப் போர்டுகளில் பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரியை ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள். வயதானால் அது ஒழுகும், ஒழுகியது செம்புக் கோடுகளைத் தின்னும். பழைய கணினி சேர்ப்பவர்கள் கையில் கிடைத்ததும் முதலில் வெட்டி எடுப்பது அதைத்தான். பிறகு டாலஸ் நிறுவனம் பேட்டரியையும் சில்லையும் ஒரே கட்டியாக அடைத்து விற்றது. பேட்டரி தீர்ந்தால் சில்லையே மாற்ற வேண்டும். அரத்தால் தேய்த்து உள்ளே கம்பி தேடி வெளியிலிருந்து பேட்டரி கொடுத்த கில்லாடிகளும் இருந்தார்கள். கடைசியில் நிலைத்தது சிஆர்2032, 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட்.

அதன் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. கடிகாரம் ஐந்து மைக்ரோ ஆம்பியர் குடிக்கிறது என்று வைத்தால் 44,000 மணி நேரம், ஐந்து வருடம். ஆனால் இன்றைய கணினிகள் சுவரில் மின்சாரம் இருக்கும்வரை, அணைத்திருந்தாலும், கடிகாரத்துக்கு அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும், பேட்டரியைத் தொடாது. இங்கேதான் நம்ம ஊர் வருகிறது. கிந்தா பள்ளத்தாக்கில் மதியத்துக்கு மேல் இடி இடிக்காத வாரம் குறைவு. பெரியவர் வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுவார். நல்ல பழக்கம்தான். ஆனால் இருபத்து மூன்று மணி நேரமும் அந்தச் சின்னப் பேட்டரிதான் உழைத்தது. மல்டிமீட்டரை வைத்தேன். 1.1 வோல்ட்.

அப்படியானால் 2009 எங்கிருந்து வந்தது? நேரம் தொலைந்த போர்டுகளில் பல, 1980க்குப் போவதில்லை. தன் பயாஸ் எழுதப்பட்ட வருடத்தின் ஜனவரி முதல் தேதிக்குப் போகின்றன. இந்தப் போர்டு 2009ஆம் வருடத்தது. வீட்டில் இணையம் இல்லாததால் விண்டோஸும் வெளியே கேட்டுத் திருத்திக்கொள்ளவில்லை. ஆக, அவர் எந்த மாதம் எந்த நாள் உட்கார்ந்தாலும் அந்தக் கணினிக்கு அது 2009 ஜனவரி 1, நள்ளிரவு பன்னிரண்டு.

விளக்கிக்கொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில், டாஸ் காலத்துக் கணினி 1980க்குப் போகும் கதையையும் சொன்னேன். பெரியவர் சிரித்தார். "எண்பதுலயா? அப்ப நம்ம மணியே வேற தம்பி." உண்மைதான். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அப்போது கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னால். 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்கு முள்ளை அரை மணி நேரம் தள்ளிப் பன்னிரண்டாக்கினார்கள், சபா சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று. அது முதல் தரமும் அல்ல. 1905இல் ஏழு மணி நேரம், 1933இல் ஏழு மணி இருபது நிமிடம், 1941இல் ஏழரை. ஜப்பான்காரன் வந்ததும் டோக்கியோ நேரம், ஒன்பது. 1945இல் மறுபடி ஏழரை. இன்றைய கணினிகளின் நேர மண்டலப் பட்டியலில் இந்த மாற்றங்கள் வரிசையாக இருக்கின்றன. தஞ்சோங் துவாலாங் சாலையில் இன்று சுற்றுலாப் பயணிகள் ஏறிப் பார்க்கும் ஈயக் கப்பல் வேலையை நிறுத்தியதும் அந்த 1982இல்தான். "மணிய மாத்துனாங்க, இருட்டு மாறல. பெரட்டுக்கு வந்தவங்க முகமே தெரியாது, குரல வச்சு பேர் எழுதுவேன்," என்றார்.

சரி, கூட்டத்தில் எதைக் காட்டுவது? பேட்டரியைக் காட்டினால் நேற்றுத்தான் பழையதை மாற்றிப் போட்டீர்கள் என்பார்கள். நல்லவேளை, தடயம் கோப்புகளிலேயே இருந்தது. தம்ப்டிரைவுக்கு நகல் எடுத்தால் உருவான நேரம் மாறிவிடும். அவருடைய கணினியில் அது அப்படியே இருந்தது. பன்னிரண்டு கோப்பும் உருவானது 12:04க்கும் 12:11க்கும் இடையில். கடைசியாகச் சேமித்தது 12:40க்கும் 1:25க்கும் இடையில். ஒரே இரவு என்றால், ஒரு மனிதர் ஏழு நிமிடத்தில் பன்னிரண்டு கோப்பைத் திறந்து, அத்தனையையும் ஒரே சமயத்தில் தட்டச்சு செய்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் கணினியைத் திறந்த சில நிமிடங்களில் தொடங்கியிருக்கிறது. பன்னிரண்டு தனித்தனி உட்கார்தல்கள்.

அடுத்த கூட்டத்தில் கணினியையே தூக்கிக்கொண்டு போனோம். எல்லாரும் பார்க்கத் திறந்தோம், எஃப்1 தட்டினோம், ஒரு கோப்பு எழுதிச் சேமித்தோம். 2009 ஜனவரி 1, 12:06. அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மறுபடி திறந்து இன்னொன்று. 2009 ஜனவரி 1, 12:05. இரண்டாவது கோப்பு முதல் கோப்புக்கு ஒரு நிமிடம் மூத்தது. யாரோ சிரித்தார்கள். குற்றம் சாட்டியவர் ரசீதுப் புத்தகத்தை வாங்கி இரண்டு மாதத்தை ஒத்துப் பார்த்துவிட்டு, தலையாட்டினார். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை.

பேட்டரியைப் பத்து காஜா டவுனில் வாங்கினேன். சில ரிங்கிட்தான். போட்டு, தேதி வைத்து, மறுபடி திறந்தபோது நேராக விண்டோஸ் வந்தது. பெரியவரின் விரல் பழக்கத்தில் எஃப்1க்குப் போய் நின்றது. பழைய பன்னிரண்டு கோப்புகளின் தேதியையும் சரிசெய்து தரவா, அதற்கு மென்பொருள் இருக்கிறது என்றேன்.

"வேணாம் தம்பி. மாத்துனா மறுபடியும் கேப்பாங்க." பன்னிரண்டையும் அச்செடுத்து, ஒவ்வொன்றின் மேலேயும் எழுதிய நாளைத் தன் கறுப்பு நோட்டைப் பார்த்துப் பேனாவால் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கோப்பில் கோத்து வைத்தார்.