ஏட்டோடு சென்ற துணைக்கருவிகள்
கரிசலும் பனையும் சூழ்ந்த, முன்னாளில் ஜமீனாக விளங்கிய இளையரசனேந்தலை உள்ளடக்கிய தென்பாண்டிச் சீமையில், காகிதம் பரவும்வரை நிலக்கணக்குகள் பனையோலையிலேயே எழுதப்பட்டமையால், வெளியூர் செல்லும் கணக்கர்களுக்கு ஓலையோடு அதன் துணைக்கருவிகளும் தேவைப்பட்டன. அவற்றுள் மடக்கெழுத்தாணி, எழுதும் கூர்முனையும் ஓலை வாரும் சிறுகத்தியும் ஒரே பிடிக்குள் மடங்குமாறு அமைந்தமையால், பயணத்துக்கு மிகவும் ஏற்றதாயிருந்தது. துளைகளில் கோத்த கயிறு ஏடுகளின் வரிசை கலையாமல் காக்க, மேலும் கீழும் வைத்துக் கட்டிய கம்பை எனப்படும் மரச்சட்டங்கள் ஓரங்கள் சிதையாமல் தடுத்தன. விளக்குக்கரியோடு ஊமத்தை போன்ற இலைகளின் சாற்றைக் கலந்து தடவிய மை, கீறிய எழுத்தைத் துலக்கிக் காட்டியது. இன்று மடிக்கணினியை விடுத்து டேப்லெட்டுடன் பயணம் செய்வோர் மின்பேனா, மடக்கு உறை, தனி விசைப்பலகை ஆகியவற்றை நாடுவதும், மெல்லிய எழுதுபரப்பின் பயன் அதன் துணைக்கருவிகளைச் சார்ந்தது என்னும் அதே காரணத்தாலேயே ஆகும்.