பல்லாங்குழியும் பள்ளிக்கூடமும்

விளையாட்டைக் கல்விக்குப் பகையாக எண்ணுவது பிற்காலத்தார் வழக்கம். முன்னையோர் அவ்வாறு எண்ணியதாகத் தெரியவில்லை. சங்க காலத்து மகளிர் கடற்கரை மணலில் சிற்றில் இழைத்தனர். மணலையே சோறாக அட்டு விருந்து படைத்தனர். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களோ, சிறுதேர் உருட்டலை ஆண் குழந்தைக்கும், அம்மானை, ஊசல் முதலியவற்றைப் பெண் குழந்தைக்கும் உரிய பருவங்களாகவே வகுத்தனர். மனையறத்தை மெய்யாக நடத்துமுன் மணலில் நடத்திப் பார்ப்பது பாவனைக் கல்வியன்றி வேறென்ன? இன்று விமானம் ஓட்டப் பயில்வோர் தரையில் அமைத்த பொய்யறையில் அமர்ந்து பழகுகின்றனர். அப்பொய்யறையும் மணல்வீடும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை.

ஆயினும், எல்லா விளையாட்டும் ஒரே அளவில் கற்பிப்பதில்லை. இதனைத் தெளிய நம் வீட்டு ஆட்டங்கள் இரண்டனை ஒப்பிடலாம்.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க ஆடும் பரமபதம் அறம் உணர்த்துவதற்கென்றே எழுந்தது. நற்குணங்கள் ஏணிகள்; தீக்குணங்கள் பாம்புகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இது இங்கிலாந்து சென்று, பின்னர் அமெரிக்காவிலும் குழந்தைகளின் பொழுதுபோக்காயிற்று. ஆனால் ஆடுபவன் இதில் செய்வது யாது? தாயக்கட்டையை உருட்டுகிறான், விழுந்த எண்ணுக்கேற்பக் காயை நகர்த்துகிறான். பாம்பின் வாயில் வீழ்ந்தது அவன் குற்றமன்று. ஏணியில் ஏறியது அவன் அறமுமன்று. படம் கற்பிக்கிறது, ஆட்டம் கற்பிக்கவில்லை என்பதே என் கருத்து.

பல்லாங்குழி இதற்கு நேர்மாறு. பலகையில் அறவுரை ஒன்றும் இல்லை. எதிரெதிராக ஏழேழு குழிகள் மட்டுமே. விதிகள் ஊருக்கு ஊர் மாறும். குழிக்கு 5 வீதம் 70 சோழியோ புளியங்கொட்டையோ இட்டு ஆடும் வகையை ஈண்டு கொள்வோம். ஒரு குழியை அள்ளிக் குழிக்கு ஒன்றாக இட்டுச் செல்லவேண்டும். கை ஓய்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரவேண்டும். அடுத்த குழி வெறுமையாயின் அதைத் துடைத்து, அதற்கப்பால் உள்ளதைக் கொள்ளவேண்டும். ஒரு குழியில் 4 சேர்ந்தால் அது 'பசு', குழிக்குரியவர் எடுத்துக்கொள்வார். எந்தக் குழியைத் தொடக்கத்தில் அள்ளுவது என்பது ஆடுபவர் தாமே செய்யும் முடிவு. கை எங்கே ஓயும், அதற்கடுத்த குழி நிறைந்ததா வெறுமையா என்று எண்ணிப் பார்த்த பின்னரே அள்ளவேண்டும். ஆட்டம் முடிந்தபின் ஒருத்தியிடம் 47, மற்றவளிடம் 23 என்று வைத்துக்கொள்வோம். 23 உடையவள் நான்கு குழிகளை நிரப்பி, மூன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மீதிக் குழிகளை வெறுமையாக விடுகிறாள். ஈவு நான்கு, மீதி மூன்று என்று பள்ளியில் பின்னாளில் சொல்லித் தருவதை அவள் விரல்கள் முன்னரே அறிந்துவிட்டன.

பள்ளியோ அக்காலத்தில் வேறு வழியில் சென்றது. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுத்தும், எண்சுவடி மனப்பாடமும், மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளையின் அதிகாரமுமே பெரிது. நாம் வாழும் இக்கொச்சியிலேயே 1579ஆம் ஆண்டில் அச்சேறிய 'கிரிசித்தியானி வணக்கம்' என்னும் தமிழ் நூலும் வினாவும் விடையுமாக அமைந்ததே. அந்நாளில் ஐரோப்பியர் தமிழையும் 'மலபார்' என்றே அழைத்தனர். 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் படைவீரர் மக்களுக்கான அனாதைப் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்பார், காலையில் குதிரை மீது செல்கையில் 'மலபார்ப் பள்ளி' ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதக் கண்டார். அம்மணலையும், மாணவர் மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் கைக்கொண்டு, 1797ஆம் ஆண்டில் இலண்டனில் நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' எனப் பெயர் பெற்று அது ஐரோப்பாவிலும் அதற்கப்பாலும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் பொருளால் எழுந்த பள்ளி 'மதராஸ் கல்லூரி' என்னும் பெயருடன் இன்றும் விளங்குகிறது. பெல் கண்டது திண்ணையை. வீட்டினுள் இருந்த பலகை அவர் கண்ணில் படவில்லை.

அக்குறையை நிரப்பியவர் போல 1939ஆம் ஆண்டு நவம்பரில் அடையாறு வந்து சேர்ந்தார் மரியா மாண்டிசோரி அம்மையார். பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று வந்த அவரிடம் பயில இந்தியாவெங்கணும் இருந்து ஏறத்தாழ 300 பேர் கூடினர். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு அவரைப் பகைநாட்டவராகக் கருதியது. அதனால் சில திங்கள் தங்குவதற்கென வந்தவர் 1946 வரை இந்நாட்டிலேயே இருந்தார். கொடைக்கானலிலும் வாழ்ந்து பணியாற்றினார். ஒற்றை மணி ஒன்று. பத்து மணி கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரம் அடுக்கிய கனம் ஆயிரம். அவர் குழந்தை கையில் கொடுத்த கணக்கு இவ்வளவே. இதனை அவர் விளையாட்டு என்னாது 'வேலை' என்றே அழைத்தார். குழந்தை தானே கையாண்டு, பிழையைத் தானே காண்பதே அவர் வேண்டியது. புளியங்கொட்டையை எண்ணிய கை இதைக் கண்டு வியந்திருக்காது.

அரசுப் பள்ளிகள் இவ்வழிக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007ஆம் ஆண்டில் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில் பிள்ளைகள் அட்டைகளை எடுத்துப் படிப்படியாக ஏறினர். அப்படிவரிசைக்கு 'ஏணி' என்றே பெயர். பாம்பு மட்டும் இல்லை! 2022ஆம் ஆண்டில் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பாட்டையும் ஆட்டத்தையும் வகுப்பறைக்குள் கொணர்ந்தது.

இவை தமிழகத்துப் பிள்ளைகளுக்கு வாய்த்தவை. டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்க அழைத்து வரப்பட்டோர் முதல், பின்னர் வாணிகத்திற்கும் அலுவலுக்கும் வந்தோர் வரை, இப்பகுதியில் குடியேறிய நம் மக்களுக்குப் பள்ளிமொழி மலையாளம் அல்லது ஆங்கிலம். எண்ணுப்பெயர்களைப் பொறுத்தவரை நமக்கு ஒரு மயக்கமும் உண்டு. அஞ்சு, பத்து, தொண்ணூறு என்று பிள்ளை சொல்லும்போது அது தமிழா மலையாளமா என்று காது பிரித்தறியாது. எனவே தமிழ் இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறோம். பசு, துடைத்தல், தாயம், கழங்கு முதலிய ஆட்டச் சொற்களைக் கேட்டுப் பாருங்கள். பாட்டியுடன் ஆடிய பிள்ளை மட்டுமே விடை சொல்லும். அச்சொற்களைக் கற்பிக்கும் பாடநூல் எதுவும் இல்லை. யூதத்தெருவின் பழம்பொருட் கடை ஒன்றில், மீன் வடிவில் மடித்து மூடும் பலகையை அலங்காரப் பொருளாக விலைக்கு வைத்திருக்கக் கண்டேன்.

வீட்டில் பலகை இல்லாதோர் அதை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. தரையில் சுண்ணக்கட்டியால் 14 வட்டங்கள் இட்டுக்கொள்ளலாம். 70 புளியங்கொட்டை மட்டாஞ்சேரியில் கிடைத்தற்கரிய பொருளன்று.