நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்: குடும்ப மருத்துவரும் சிகிச்சை நெறிமுறையும்

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சிஓபிடி): மூச்சுக்குழல்கள் சுருங்கி, காற்று வெளியேறுவது நிரந்தரமாகத் தடைபடும் நோய். புகைபிடித்தல், விறகடுப்புப் புகை, தொழிற்கூடத் தூசு ஆகியவை முக்கியக் காரணங்கள்.

நெறிமுறைகள்: சிஓபிடி குறித்த 'கோல்ட்' என்னும் பன்னாட்டு முன்னெடுப்பின் முதல் அறிக்கை 2001-இல் வெளிவந்தது. இந்திய மார்பு நோய்ச் சங்கம் பங்கேற்ற இந்தியக் கூட்டுப் பரிந்துரைகள் 2013-இல் வந்தன.

நோயறிதல்: நோயாளி மூச்சை நிறைய இழுத்து, ஸ்பைரோமீட்டர் குழாயில் முழு வேகத்தில் ஊத வேண்டும். மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து தந்த பின்னும், ஊதிய மொத்தக் காற்றில் முதல் நொடியில் வெளியேறுவது 70 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் நோய் உறுதியாகும். இக்கருவி இல்லாத சிறு கிளினிக்குகளில் நோயை ஆஸ்துமா என்று கருதிவிட நேரும்.

சிகிச்சை: 2023-ஆம் ஆண்டு 'கோல்ட்' அறிக்கை நோயாளிகளை ஏ, பி, இ என மூன்று பிரிவுகளாக வகுக்கிறது. நீண்ட நேரம் செயல்படும் இன்ஹேலர்களே அடிப்படை மருந்து. புகைபிடிப்பதை விடுதல், தடுப்பூசி, மூச்சுப் பயிற்சி ஆகியவையும் இன்றியமையாதவை. மூச்சை வெளிவிட்டு, இன்ஹேலரை அழுத்தியபடி மெதுவாக இழுத்து, பத்து நொடி அடக்குவதை மருத்துவர் ஒவ்வொரு முறையும் நோயாளியைச் செய்துகாட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

தொழில் சார்ந்த காரணங்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு, தண்டலம்: சவீதா மருத்துவக் கல்லூரி அமைந்த ஊர். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதிக்கு அருகிலுள்ள இவ்வூரில், "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்ற கேள்வி இருமலுக்கு வருபவரிடம் தவறாமல் கேட்கப்பட வேண்டியது. வெல்டிங் புகையும் பெயின்ட் ஆவியும் நுரையீரலைப் பாதிக்கக்கூடியவை.