மறைமலை நகர் எண்டவரும் பெரிய டயர் ஆசையும்

தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய ஊர் மறைமலை நகர். ஆனால் வெளியூர்க்காரர்கள் பலருக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வந்தது ஃபோர்டு தொழிற்சாலைதான்! அங்கிருந்து வெளிவந்த வண்டிகளில் மிகப் பெரியது எண்டவர். அதை வாங்கியவர்களில் பலருக்கு ஒரு ஆசை வந்தது. கம்பெனி போட்ட டயரைக் கழற்றிவிட்டு, இன்னும் பெரிய, முரட்டுப் பட்டன் வைத்த ஆல்-டெரெய்ன் டயரை மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம். இந்த ஆசை எங்கிருந்து வந்தது, அந்தச் சத்தம் ஏன் வருகிறது என்று பார்க்கலாம்.

ஜீப்பிலிருந்து ஆரம்பம்

இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப்பின் டயர் அளவு 6.00-16. இன்றைய கண்ணுக்கு சைக்கிள் டயர் போல ஒல்லியானது. அதன் பட்டன்கள் முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கும். சேற்றில் மாட்டினால் ரிவர்ஸிலும் அதே பிடிப்பு கிடைக்கும். தடத்தைப் பார்த்து வண்டி எந்தப் பக்கம் போனது என்று எதிரி கண்டுபிடிக்கவும் முடியாது. போருக்குப் பின் மஹிந்திரா அந்த ஜீப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது.

1946-ல் மிஷலின் நிறுவனம் ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்றது. அதே ஆண்டில்தான் சென்னை திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். அதுவே பிறகு எம்.ஆர்.எஃப். ஆனது! 1976-ல் பி.எஃப். குட்ரிச் நிறுவனம் லைட் டிரக்குகளுக்கு ரேடியல் ஆல்-டெரெய்ன் டயரைக் கொண்டுவந்தது. தார் ரோட்டிலும் ஓடும், மண்ணிலும் பிடிக்கும் என்ற இந்த டயர்தான் பெரிய டயர் மோகத்துக்கு வழி திறந்தது.

மறைமலை நகரில் எண்டவர்

1995-ல் மஹிந்திராவும் ஃபோர்டும் கூட்டுச் சேர்ந்தன. 1999-ல் மறைமலை நகரிலிருந்து ஐகான் வந்தது, 2003-ல் எண்டவர் வந்தது. முழுக்க மாற்றப்பட்ட புதிய எண்டவர் 2016 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. தரையிலிருந்து 225 மி.மீ. இடைவெளி, 800 மி.மீ. ஆழத் தண்ணீரில் போகும் திறன் என்றார்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான், 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியிருந்தன. அந்த ‘800’ என்ற எண் தாம்பரம் பக்கத்துக்காரர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

அந்த வண்டியின் டயர் அளவு 265/60 ஆர்18. இதைப் படிப்பது எளிது. டயரின் அகலம் 265 மி.மீ. பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், அதாவது 159 மி.மீ. ரிம் 18 அங்குலம், அதாவது 457 மி.மீ. இரண்டு பக்கச் சுவரையும் ரிம்மையும் கூட்டினால் மொத்த விட்டம் சுமார் 775 மி.மீ.

கணக்கு என்ன சொல்கிறது?

இதற்குப் பதில் 265/65 ஆர்18 போட்டால் விட்டம் சுமார் 802 மி.மீ. ஆகிறது. 27 மி.மீ. கூடிவிட்டதே என்று மகிழ வேண்டாம். வண்டி உயர்வது அதில் பாதிதான், 13 மி.மீ. காற்று உள்ளே போகும் குழாயும் அந்த 13 மி.மீ. மட்டுமே மேலே போகும். ஆகவே பெரிய டயர் போட்டால் வெள்ளத்தில் இன்னும் ஆழமாகப் போகலாம் என்பது வீண் நம்பிக்கை.

வேகமானியும் மாறும். முள் 100-ஐக் காட்டும்போது, பழைய டயரில் ஓடியதைவிட சுமார் மூன்றரை சதவீதம் கூடுதல் வேகத்தில் வண்டி ஓடும். டயரின் எடை கூடுவதால் பிரேக்குக்கும் வேலை கூடும், மைலேஜும் குறையும்.

உரசல் எங்கே?

டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே தெரியும் இடைவெளி சும்மா விட்ட இடம் இல்லை. பள்ளத்தில் சக்கரம் மேலே எழும்பவும், ஸ்டியரிங் திருப்பும்போது டயர் வளைந்து வீசவும் கணக்குப் போட்டு விட்ட இடம் அது. முன் சக்கரம் முழுக்கத் திரும்பும்போது டயரின் ஒரு ஓரம் பம்பர் பக்கமும் இன்னொரு ஓரம் ஃபுட்போர்டு பக்கமும் போகிறது. முதலில் உரசுவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரும் மட் ஃப்ளாப்பும்தான். அகலமும் கூடினால், உதாரணமாக 285/60 ஆர்18 போட்டால், உள்பக்கம் 10 மி.மீ. நெருங்கி சஸ்பென்ஷன் ஆர்மைத் தொடக்கூடும். லைனர் தேய்ந்தால் பணம் மட்டும்தான் போகும். டயரின் பக்கச் சுவர் இரும்பில் தேய்ந்தால் நெடுஞ்சாலையில் டயர் வெடிக்கும், போவது உயிர்.

இதற்குச் சொல்லப்படும் வைத்தியங்களிலும் சிக்கல் உண்டு. வீல் ஸ்பேசர் போட்டால் உள்பக்கம் இடம் கிடைக்கும். ஆனால் டயர் வெளியே தள்ளி நிற்பதால் லைனரில் உரசல் அதிகமாகும், வீல் பேரிங்கிலும் பாரம் ஏறும். லிஃப்ட் கிட் போட்டால் நிற்கும்போது இடைவெளி தெரியும். ஆனால் சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது டயர் பழைய இடத்துக்கே வந்து சேரக்கூடும்.

அகலத்தைக் கூட்டாமல், அதே ரிம்மில், விட்டத்தை மூன்று சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வதே பொதுவான நிதான வழி. 265/65-ஏ அந்தக் கோட்டைச் சற்றுத் தாண்டிவிடுகிறது! டயரில் உள்ள சுமை எண்ணும் குறையக் கூடாது. 110 என்றால் ஒரு டயர் 1060 கிலோ தாங்கும் என்று அர்த்தம். மாட்டிய பிறகு கடை வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது போதாது. ஆட்களும் சாமானும் ஏற்றி, ஒரு சக்கரத்தை மேட்டில் நிறுத்தி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்திப் பார்க்க வேண்டும்.

சட்டம் குறுக்கே வந்தது

2019 ஜனவரி 9 அன்று, கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை அழுத்தமாக எடுத்துச் சொன்னது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பதே அதன் சாரம். கம்பெனி அனுமதித்த அளவுக்குள் டயர் மாற்றுவது வேறு. ஃபெண்டரை வெட்டி, வண்டியைத் தூக்கி, ராட்சத டயர் மாட்டுவது வேறு. விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கும்போதுதான் இந்த வித்தியாசம் உறைக்கும்.

இதற்கிடையே கம்பெனிகளே இந்த ஆசையைப் புரிந்துகொண்டன. மறைமலை நகருக்குப் பக்கத்தில், மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில், 2012-ல் மஹிந்திரா ரிசர்ச் வேலி திறக்கப்பட்டது. 2020-ல் அந்த நிறுவனம் கொண்டுவந்த புதிய தார் வண்டி, 255/65 ஆர்18 அளவு ஆல்-டெரெய்ன் டயருடனேயே வந்தது. ஃபெண்டரும் சஸ்பென்ஷனும் அந்த டயருக்காகவே வரையப்பட்டால் உரசல் எங்கிருந்து வரும்?

எண்டவரின் கதை வேறு மாதிரி முடிந்தது. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. சுமார் 4000 ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று நிறுவனமே சொன்னது. 2022-ல் மறைமலை நகரில் கார் தயாரிப்பு நின்றது. ஆலையை மீண்டும் இயக்கும் விருப்பத்தை 2024 செப்டம்பரில் ஃபோர்டு தெரிவித்தது.

ஓடிக்கொண்டிருக்கும் எண்டவர்களுக்கு இனி மாற்று வண்டி அந்த ஆலையிலிருந்து எளிதாக வரப்போவதில்லை. ஆகவே டயர் கடைக்குப் போகும் முன் ஒரு பேப்பரில் அந்த மூன்று எண்களையும் எழுதிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஐந்து நிமிட வேலைதான்!